சுட்டபின் நடக்கும் தூரம்

திருக்கோவையாரின் தலைவன் தோழியிடம் சொல்லும் முதல் பொய் ஒரு யானையைப் பற்றியது. தினைப்புனத்தில் தலைவியும் தோழியும் சேர்ந்திருக்கிறார்கள். அவன் வந்த காரியம் வேறு. வாயைத் திறந்ததும் கேட்பதோ, என் அம்பு பட்ட யானை ஒன்று இந்தப் பக்கம் வந்ததா என்று. அடுத்துக் கலைமானைக் கேட்கிறான். அப்புறம் ஊருக்குப் போகும் வழி, ஊரின் பெயர், அவர்களுடைய பெயர். மதியுடம்படுத்தல் என்னும் பகுதியில் வேழம் வினாதல், கலைமான் வினாதல் என்று இவற்றுக்குத் தனித்தனித் துறைகளே இருக்கின்றன. தில்லைக் கூத்தனைப் பாட்டுடைத் தலைவனாக வைத்து மாணிக்கவாசகர் செய்த நானூறு பாட்டில் இந்த யானைக்கும் மானுக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

இதைக் காதலனின் சாமர்த்தியமாகவே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு, தோழி அதைக் கண்டுபிடித்துவிடுகிறாள், உள்ளுக்குள் சிரித்துக்கொள்கிறாள். பாடம் அதோடு முடிந்தது. எனக்கு அந்தச் சாக்கின் மேலேயே கண் நிற்கிறது. முன்பின் தெரியாத ஆண் ஒருவன் பெண்கள் காவலிருக்கும் புனத்துக்குள் வியர்க்க விறுவிறுக்க நுழைகிறான். எதைச் சொன்னால் அவனைக் குற்றம் சொல்லமாட்டார்கள்? தாகம் என்று சொல்லியிருக்கலாம். வழி தவறிவிட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். காயம்பட்ட விலங்கைத் தேடி வருகிறேன் என்கிறான். அந்த உலகத்தில் அப்படிச் சொல்பவனுக்கு எந்த வேலியும் திறக்கும் என்பதால்தான் அந்தப் பொய் அவனுக்குக் கைகொடுக்கிறது. எய்தவன் எய்ததோடு நின்றுவிடமாட்டான், தேடிப் போவான், அடுத்தவன் புனத்துக்குள்ளும் போவான், போகவேண்டும் என்பது எல்லோரும் அறிந்த வழக்கமாக இருந்திருக்கிறது. ஊரறிந்த ஒரு கடமையின் மேல் ஏறி நின்றுதான் அந்தப் பொய் பேசுகிறது.

கபிலரிடம் இது இன்னும் சிக்கலாகிறது. குறிஞ்சிப்பாட்டிலும் தலைவன் வேட்டை நாய்களோடு வருகிறான். நாய்கள் வளைத்துக்கொள்ளப் பெண்கள் நடுங்குகிறார்கள். அவன் நாய்களை அடக்கி, தப்பிப்போன விலங்கு ஒன்றைப் பற்றி விசாரிக்கிறான். அதே பாட்டில் கொஞ்சம் தள்ளி நிஜமாகவே ஒரு யானை வருகிறது. மதம்பிடித்த யானை. பெண்கள் ஓடிப்போய் அவனை ஒட்டி நிற்கிறார்கள். அவன் விட்ட அம்பு அதன் முகத்தில் ஆழப் பாய்கிறது. நெற்றியிலிருந்து ரத்தம் வழிய அது திரும்பி ஓடுகிறது. பிறகு பாட்டு காதலர்களோடு போய்விடுகிறது. முகத்தில் அம்போடு போன அந்த யானை எங்கே போயிற்று என்று தேட யாரும் இல்லை. தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரை வரிசையாகச் சொல்லும் பாட்டு அது. அந்தப் பூக்களுக்காகவே அதை நேசித்திருக்கிறேன். இப்போதெல்லாம் அதை எடுத்தால் யானை திரும்பும் இடத்தில் என் வாசிப்பு நின்றுவிடுகிறது.

வல்வில் ஓரியின் அம்பு வேறு வகை. யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் உருவி, கடைசியில் உடும்பின் உடம்பில் போய்த் தங்கியது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். ஐந்து உயிரும் விழுந்த இடத்திலேயே விழுந்தன. தேட வேண்டியதே இல்லாத வேட்டை. வில் பிடித்தவன் ஒவ்வொருவனும் காணும் கனவு அது. காட்டில் நடப்பது பெரும்பாலும் வேறு. நெஞ்சில் சரியாகப் பட்ட குண்டோடும் பெரிய விலங்கு நூறு இருநூறு அடி ஓடித்தான் விழும். கொஞ்சம் தள்ளிப் பட்டால் அந்தத் தூரம் மைல்கணக்கில் நீளும். இதயத்தைக் கிழித்த குண்டுக்குப் பிறகும் மூளையில் மிச்சமிருக்கும் பிராணவாயு சில விநாடிகள் கால்களை ஓட்டிக்கொண்டிருக்கும்.

சுட்டவன் முதலில் செய்ய வேண்டியது ஓடாமல் நிற்பது. விலங்கு நின்ற இடத்தைக் கண்ணால் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்: எந்த மரத்துக்கு இடப்பக்கம், எந்தக் கல்லுக்கு முன்னால். குண்டு பட்டபோது அது எப்படித் துள்ளியது, முதுகைக் குறுக்கிக் கூன்போட்டதா, முன்காலில் சரிந்ததா, எந்தப் பக்கம் திரும்பியது, எந்த இடத்தில் கண்ணுக்கு மறைந்தது என்று எல்லாவற்றையும் மனசில் எழுதிக்கொள்ள வேண்டும். துப்பாக்கியை மறுபடி நிரப்பி, காது கொடுத்துக் கேட்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு நின்ற இடத்துக்கு மெதுவாகப் போய்த் தரையைப் பார்க்க வேண்டும்.

தரையில் கிடக்கும் ரத்தம் எங்கே பட்டது என்பதைச் சொல்லும். ரோஜா நிறத்தில் நுரைத்திருந்தால் நுரையீரல். விலங்கு அதிக தூரம் போயிருக்காது. கறுத்த சிவப்பாக இருந்தால் ஈரல். பளிச்சென்ற சிவப்பு முதலில் நிறையச் சிந்தி, போகப்போகக் குறைந்தால் பட்டது தசையில். அந்த விலங்கு பிழைக்கவும் கூடும். பச்சையாக, புல் துணுக்குகளோடு, நாற்றத்தோடு இருந்தால் குடல். இருப்பதில் கொடியது அது. குடலில் பட்ட விலங்கு நிச்சயமாகச் சாகும், ஆனால் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் சாகும். எலும்புச் சில்லு கிடந்தால் காலில் பட்டிருக்கிறது. வெட்டுப்பட்ட முடியின் நிறத்தையும் நீளத்தையும் பார்த்து முதுகா வயிறா என்று சொல்பவர்கள் உண்டு. இலையில் ஒட்டிய ரத்தம் எந்த உயரத்தில் இருக்கிறது, பாதையின் ஒரு பக்கம் மட்டுமா இரண்டு பக்கமுமா என்பதை வைத்துக் குண்டு மறுபக்கம் வெளியே வந்ததா என்று தெரிந்துகொள்கிறார்கள்.

காட்டுப்பன்றியில் இந்தக் கணக்கெல்லாம் தடுமாறிப்போகும். கிடாப்பன்றிக்குத் தோள்மேல் கவசமாக ஒரு தடித்த தோல் வளர்ந்திருக்கும். தோலுக்குக் கீழே கொழுப்பு. குண்டு போன துளையைக் கொழுப்பு வந்து அடைத்துவிடும். உள்ளே வெள்ளமாகக் கசிந்துகொண்டிருக்க வெளியே ஒரு சொட்டு விழாது. படவில்லை என்று நினைத்துத் திரும்பிவிடத் தோன்றும் நேரம் அது. தேர்ந்தவர்கள் அப்போதும் போய்ப் பார்ப்பார்கள். ஒவ்வொரு குண்டையும் பட்டதாகவே வைத்துக்கொண்டு தேடுவது இந்தத் தொழிலின் பழைய ஒழுங்கு.

இவை எல்லாவற்றிலும் மனசுக்கு ஒப்பாதது காத்திருப்பது. நுரையீரல் என்றால் அரைமணி. குடல் என்றால் நாலைந்து மணி, அதற்கு மேலும். வலியில் கிடக்கும் உயிரைத் தெரிந்தே அப்படி விட்டு வைப்பது கொடுமையாகத் தோன்றும். ஆனால் காயம்பட்ட விலங்கு பக்கத்துப் புதரில் படுத்துக்கொள்ளவே பார்க்கும். துரத்தினால் எழுந்து ஓடும்; பயத்தில் எழுந்த விலங்கு எவ்வளவு தூரம் ஓடும் என்று சொல்ல முடியாது; ரத்தம் நின்றுபோனபின் ஓடும் அந்தத் தூரத்தை யாரும் தொடர முடியாது. பதறிப்போய் ஓடுகிறவனிடமிருந்து தப்பிய விலங்கு மூன்று நாள் கழித்து யாரும் பார்க்காத ஓடையில் சாகும். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, சுட்ட கையைப் பார்த்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிடக் கடினமான கருணை எனக்குத் தெரியாது. மழை வரும்போல இருந்தால் அந்தக் கணக்கும் மாறும். மழை தடத்தைக் கழுவிவிடும். உடனே போயாக வேண்டும்.

நான் துப்பாக்கி தொட்டவன் இல்லை. தடம் பிடிப்பதைக் கண்ணால் கண்டது பண்ருட்டிக்குத் தெற்கே, காடாம்புலியூர்ப் பக்கத்து முந்திரித் தோப்பு ஒன்றில். தெருநாய்கள் சேர்ந்து கடித்த வெள்ளாடு ஒன்று தோப்புக்குள் ஓடிவிட்டது. ஆட்டுக்காரர் இருளர் பெரியவர் ஒருவரை அழைத்துவந்தார். நானும் கூடப் போனேன்.

"தாத்தா, அந்தப் பக்கம் ஓடுனத நானே பாத்தேன்" என்று கை காட்டினேன்.

"ஓடுனத நீ பாத்த தம்பி. போனத எது பாத்துச்சோ அதக் கேப்போம். மொதல்ல கடிபட்ட எடத்தக் காட்டு."

கடிபட்ட இடத்தில் குந்தி உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. முந்திரித் தோப்பின் தரை தெரிந்தவர்களுக்குத் தெரியும், மண்ணே கண்ணுக்குப் படாது. தடித்த, தோல்போன்ற சருகு கணுக்கால்வரை கிடக்கும். கீழே செம்மண். ரத்தம் விழுந்தால் சருகின் பழுப்பில் கலந்துவிடும், மண்ணில் விழுந்தால் மண்ணாகிவிடும். அவர் சருகைப் பார்க்கவில்லை, சருகின் மேல் ஊர்ந்த எறும்பைப் பார்த்தார். சிற்றெறும்புகள் ஒரே இலையில் மொய்த்துக்கொண்டிருந்தன. இலையை மெல்லத் திருப்பினார். அடிப்பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. எச்சிலைத் தொட்டுத் தேய்த்தார். விரல் நுனி சிவந்தது. காய்ந்த குச்சி ஒன்றை அந்த இடத்தில் நட்டார். அடுத்த சொட்டு கிடைக்கும்வரை அந்தக் குச்சியை விட்டு யாரும் முன்னால் போகக்கூடாது. கிடைத்ததும் அங்கே இன்னொரு குச்சி. தடத்தின் மேல் ஒருமுறைகூட அவர் கால் வைக்கவில்லை; பக்கவாட்டிலேயே நடந்தார். நான் ஒருதரம் குறுக்கே போனபோது முழங்கையைப் பிடித்து இழுத்தார். கோபத்தில் இல்லை, ஆனால் அழுத்தமாக.

ஓரிடத்தில் ரத்தம் அறவே நின்றுவிட்டது. கடைசிக் குச்சியை நட்டுவிட்டு, திரும்பி நட்டுவைத்த குச்சிகளை எல்லாம் ஒரு பார்வை பார்த்தார். அவை ஒரு கோடாக ஓடையை நோக்கிச் சாய்ந்திருந்தன. அதுவரை எனக்கு அந்தக் கோடு தெரியவே இல்லை. நேராகப் போகாமல், காற்றுக்கு எதிராகச் சுற்றி வந்து ஓடைக் கரையின் பனங்கன்றுகளை எட்டிப் பார்த்தார். ஆடு படுத்திருந்தது. வந்த வழியைப் பார்த்தபடி படுத்திருந்தது. நேராகப் போயிருந்தால் எங்களைக் கண்டு எழுந்து ஓடியிருக்கும். அடிபட்டது எதுவும் பின்பக்கத்தைப் பார்த்துதான் படுக்கும் என்றார் பெரியவர். கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள், பிழைத்துக்கொண்டது.

இருளர்களின் இந்த அறிவுக்கு உலகம் கொஞ்சம் மரியாதை கொடுத்திருக்கிறது. பாம்புத் தோல் ஏற்றுமதி நின்றுபோனபின் 1978-ல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. நஞ்சுமுறி மருந்துக்கான பாம்பு நஞ்சில் பெரும்பங்கு அங்கிருந்து போகிறது. 2017-ல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைத் தடம் பிடித்துக் கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரத்தில் 13 பாம்புகள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அந்தச் செய்தி வந்த நாளில் எனக்கு முந்திரித் தோப்பில் குச்சி நட்ட கைகள்தான் ஞாபகம் வந்தன. அந்தக் கைகள் பெரும்பாலும் செங்கல் சூளையிலும் கரும்புக் கொல்லையிலும் கூலிக்குப் போகின்றன.

பின்தொடரப்படாத காயம் என்ன ஆகும் என்பதை இந்தியா ஒருகாலத்தில் மனித உயிர்களில் எண்ணிப் பார்த்தது. ஜிம் கார்பெட் 1907-ல் சம்பாவத் பெண்புலியைச் சுட்டு வீழ்த்தியபோது அது 436 பேரைக் கொன்றிருந்ததாகக் கணக்கு. செத்துக் கிடந்த புலியின் வாயைப் பார்த்தார். வலப்பக்கத்தில் மேல் கோரைப்பல் பாதி ஒடிந்திருந்தது, கீழ்ப்பல் எலும்புவரை போயிருந்தது. என்றோ யாரோ சுட்ட குண்டின் வேலை. மானை மடக்கும் பல் போனபின் அது மனிதர்களிடம் வந்தது. ஆட்கொல்லிகள் உருவாவதற்கு அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது இது: கவனமில்லாமல் சுட்ட குண்டு, அதன் பிறகு விலங்கைத் தேடிப் போய் முடிக்கத் தவறியது. இன்னொன்று முள்ளம்பன்றியின் முள். 1944-ல் வந்த அவருடைய புத்தகத்தைத் தி.ஜ.ர.வின் மொழிபெயர்ப்பில் குமாயுன் புலிகளாகப் படித்த தலைமுறை புலிகளை ஞாபகம் வைத்திருக்கிறது. பல்லை உடைத்தவனைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. அவனுக்குப் பெயர் கிடையாது. அந்தப் புலியின் கணக்கில் வரும் 436 பேரின் சாவில் அவனுக்குப் பங்கு உண்டு.

நமக்குப் பக்கத்துக் காடுகளிலும் இதே கதைதான். ஓசூர்ப் பக்கத்து ஜவளகிரியின் பெண்புலியைப் பற்றிக் கென்னத் ஆண்டர்சன் எழுதியதில், இணையை இழந்து கூவி அலைந்த புலி ஒன்று குண்டுபட்டுக் காயத்தோடு தப்புகிறது. அதன் பிறகுதான் மனிதர்களை எடுக்கத் தொடங்குகிறது. அந்தக் கால வேட்டைக் கூட்டங்களில், முதல் ரத்தம் யாருடைய குண்டில் வந்ததோ அவருக்கே தோல் என்று ஒரு வழக்கம் இருந்தது. பல பேர் சுடும் இடத்தில் தகராறு வராமல் இருக்க வைத்துக்கொண்ட விதி. ரத்தம் வரவைத்தவனுக்கு உரிமை உண்டு என்பதில் அவ்வளவு தெளிவு. காயம்பட்ட புலி கிடக்கும் புதருக்குள் எருமை மந்தையை ஓட்டிவிடும் பழக்கமும் இருந்தது. மந்தைக்கு முன்னாலோ பின்னாலோ நடந்தவர்கள் உள்ளூர் மலைவாசிகள். மாளிகைச் சுவர்களில் தொங்கிய தலைகளின் கீழே அவர்கள் பெயர் இருந்ததில்லை.

காயம்பட்ட விலங்கைத் தேடிப் போவதைச் சட்டமாகவே ஆக்கிய நாடுகள் உண்டு. சுவீடனில் பெரிய விலங்கை வேட்டையாடுபவர், காயம் பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் பயிற்சி பெற்ற தடம்பிடிக்கும் நாய் அந்த இடத்துக்கு வந்துசேர ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். ஜெர்மனியில் ரத்தத் தடத்துக்கென்றே சில நாயினங்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கிறார்கள். தென் ஆப்பிரிக்க நாடுகளில் காசு கொடுத்து வேட்டைக்கு வருபவன் ஒரு சொட்டு ரத்தம் சிந்தவைத்துவிட்டு விலங்கைக் கண்டுபிடிக்காமல் போனால், கொன்றதற்கு உண்டான முழுத் தொகையையும் கட்ட வேண்டும் என்பது பொது வழக்கம். அந்த வேட்டைத் தொழிலின் மேல் எனக்கு மதிப்பில்லை. இந்த ஒரு விதியின் மேல் இருக்கிறது. கலஹாரியின் சான் மக்கள் வண்டுப் புழுவின் நஞ்சைத் தடவிய அம்பை எய்கிறார்கள். நஞ்சு மெதுவாக ஏறும். பெரிய விலங்கென்றால் ஒருநாளுக்கு மேலும் ஆகும். அவர்களுடைய வேட்டையில் எய்வது ஒரு நொடி, மற்றதெல்லாம் நடை. அறிவியல் சிந்தனையின் தொடக்கமே இந்தத் தடம் பிடிப்பதில் இருக்கலாம் என்று லூயிஸ் லீபென்பெர்க் 1990-ல் ஒரு நூலே எழுதினார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிகிற அடையாளங்களிலிருந்து ஊகித்து, ஊகம் தவறினால் கடைசி அடையாளத்துக்குத் திரும்பி வருவது. முந்திரித் தோப்பில் நான் பார்த்ததும் அதுதான்.

சேக்கிழாருக்கு இது தெரிந்திருக்கிறது. பெரிய புராணத்தில், பின்னாளில் கண்ணப்பரான திண்ணனாரின் முதல் வேட்டையில் ஒரு பன்றி வலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. கூட்டம் பின்தங்கிவிடுகிறது. திண்ணனும் நாணனும் காடனும் மட்டும் அடியொற்றிப் போகிறார்கள். ஓடி ஓடிக் களைத்த பன்றி ஒரு மரத்தடியில் நிற்கிறது. திண்ணன் வில்லை எடுக்கவில்லை. தூரத்திலிருந்து எய்து மறுபடி அதை ஓடவிடாமல், கிட்டே போய்ச் சுரிகையால் ஒரே வெட்டில் முடிக்கிறான். பசியும் தாகமும் பிறகுதான் வருகின்றன. தண்ணீர் தேடிப் பொன்முகலிக்குப் போகிறார்கள். அங்கே காளத்தி மலை தெரிகிறது. பாதி வழியில் திரும்பியிருந்தால் கண்ணப்பர் இல்லை.

இன்றைக்கு நம் காட்டோரங்களில் வில்லும் ரைபிளும் செய்ததைவிடக் கேடு செய்வது அவுட்டுக்காய். தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து பன்றி நடமாடும் வழியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கடித்ததும் தாடை சிதறும். சின்னப் பன்றி அங்கேயே விழும். பெரியது ஓடிவிடும். யானை கடித்தால் நாக்கும் தாடையும் கிழிந்து, தின்ன முடியாமல், குடிக்க முடியாமல், வாரக்கணக்கில் அலைந்து சாகும். 2020 மே மாதம் பாலக்காட்டில் கருவுற்ற யானை ஒன்று இப்படி வாய் வெடித்து, வெள்ளியாற்றில் இறங்கி, வாயையும் தும்பிக்கையையும் தண்ணீருக்குள் வைத்தபடி நின்று, 27-ஆம் தேதி நின்றவாக்கில் செத்தது. அந்தப் படத்தைப் பார்த்து நாடே அழுதது. ஆற்றில் நின்றதால் பார்த்தோம். புதருக்குள் போய்ப் படுத்தவற்றைப் பார்க்கவில்லை. அம்பும் துப்பாக்கியும் எடுத்தவனுக்குக் குறைந்தபட்சம் விலங்கின் முகம் தெரியும். அவுட்டுக்காய் வைத்தவனுக்கு எந்த விலங்கு கடித்தது என்றுகூடத் தெரியாது. கொல்வதைச் சாகும் உயிரிடமிருந்து இவ்வளவு தூரம் பிரித்து வைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மயக்க ஊசியும் சுடுவதுதான். அதற்கும் பின்தொடர்தல் உண்டு. நீலகிரியில் டி23 என்று எண்ணிட்ட புலியை 2021 செப்டம்பர் கடைசியிலிருந்து மூன்று வாரம் தேடினார்கள். கும்கிகள், மோப்ப நாய், ட்ரோன், தானியங்கிக் கேமரா எல்லாம் வந்தன. காட்டை அறிந்த பழங்குடித் தடங்காணிகளும் வந்தார்கள். அக்டோபர் 14 இரவு ஊசி பட்டது. பட்ட புலி புதருக்குள் மறைந்தது. பழைய காயங்களோடு, பாதி மயக்கத்தோடு, இருட்டில் ஒரு புலி. மறுநாள் பகலில் மசினகுடிப் பக்கம் அதை மறுபடி கண்டு, மறுபடி ஊசி போட்டு, உயிரோடு பிடித்தார்கள். மைசூருவில் சிகிச்சைக்குப் போயிற்று. அந்த இரவில் தேடலை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கால்நடை மருத்துவர்களுக்குத் தெரியும். மயங்கிய விலங்கு தண்ணீரில் முகம் புதைந்து விழலாம். யானை நெஞ்சு தரையில் அழுந்தும்படி உட்கார்ந்துவிட்டால் அதன் உடம்பே அதன் மூச்சை நிறுத்திவிடும். உடனே பக்கவாட்டில் சாய்த்தாக வேண்டும். ஊசி போடுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அடுத்த இருபது நிமிடம் அந்தக் காலடியைத் தொடர்கிறவர் கையில்தான் அந்த உயிர் இருக்கிறது.

2025 ஜனவரியில் காட்டுப்பன்றிகளைப் பற்றித் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். விவசாயிகள் பல வருடமாகக் கேட்டது. ஒரே இரவில் மல்லாட்டைக் கொல்லையையும் மரவள்ளியையும் மக்காச்சோளத்தையும் உழுதுபோட்டுப் போகும் பன்றியோடு வாழ்ந்து பாராதவர்கள் அவர்களுக்குப் புத்தி சொல்லக்கூடாது. நான் சுட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கேட்ட விவாதமெல்லாம் எத்தனை கிலோமீட்டரில் சுடலாம், யார் சுடலாம், உடலை என்ன செய்வது என்பதைச் சுற்றியே நடந்தது. பட்டும் விழாமல் போன பன்றியை யார் தேடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இது வறட்டுக் கேள்வி இல்லை. பன்றி கொல்லைக்கு வருவது இரவில். சுடுவதும் இரவில்தான் நடக்கும். விளக்கு வெளிச்சத்தில், நகரும் உருவத்தின் மேல், நடுங்கும் கையோடு. ஓரியின் அம்பு யாரிடமும் இல்லை. சில குண்டுகள் குடலில் படும், சில தாடையில், சில காலில். கொழுப்பு துளையை அடைக்கும், ரத்தம் விழாது. அந்தப் பன்றி எங்கே போகும்? அருகில் இருப்பதிலேயே அடர்ந்த இடத்துக்கு. நம் பக்கத்தில் அது கரும்பு. பண்ருட்டியிலிருந்து நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைவரை கெடிலத்துக்கும் பெண்ணைக்கும் நடுவில் நிற்கும் கரும்புக்குள் பகலிலேயே இரண்டு முழத்துக்கு அப்பால் கண் தெரியாது. சோகை உரசும் சத்தத்தில் உள்ளே ஒரு பன்றி மூச்சுவிடுவது கேட்காது.

ஆகவே சுடும் குழுவில் துப்பாக்கிக்காரருக்குச் சமமான ஊதியத்தோடு ஒரு தடங்காணி இருக்க வேண்டும். இருளர் ஒருவரையோ காட்டுநாயக்கர் ஒருவரையோ அந்த நேரத்துக்குக் கூலிக்குக் கூப்பிடுவது போதாது. அவர் பெயர் உத்தரவில் இருக்க வேண்டும், அவர் சொல்லும்வரை தேடல் முடியக்கூடாது. பழகிய நாய் ஒன்று மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும். சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் என்ன ஆயிற்று என்று எழுதி வைக்க வேண்டும்: விழுந்தது, தேடிக் கண்டது, தேடியும் காணாதது. காணாதது என்று எழுத நேர்ந்தால் விடியும்முன் சுற்றுப்பட்டுக் கொல்லைக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் காலை ஆறு மணிக்குக் கரும்பு வெட்டும் ஆட்கள் சூரிக்கத்தியோடு உள்ளே இறங்குவார்கள். குனிந்து, அடிக்கட்டையைப் பிடித்து, சோகைக்குள் தலையை விட்டுத்தான் வெட்ட முடியும். அவர்களில் பாதிப்பேர் பெண்கள். முந்தின ராத்திரி அந்தப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டதே, என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்டால், பதில் தெரிந்த ஒருவர் வரப்பில் நிற்க வேண்டும்.